பத்து நாள் ஓட்டிப் பார்க்க

டிராக்டர் அவளுடைய கொட்டகையில்தான் நின்றது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஆனால் கீழ்த் தோட்டத்தில், கிளைகளைத் தூளாக்கும் சிப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவள் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மத்தியானம் மூன்று மணி, காற்றே இல்லை, மரங்களில் ஒரு இலைகூட அசையவில்லை. கிளைகளை நொறுக்கும்போது வரும் கரகரப்பு இல்லை அது. வாயில் ஒன்றும் இல்லாமல் சும்மா சுற்றும்போது மட்டும் வருகிற தாழ்ந்த முனகல், வேலியைத் தாண்டி, பழமரங்களின் வரிசைகளுக்கிடையே மெதுவாக ஏறி வந்து, அடிவயிற்றில் உட்கார்ந்துகொள்கிற மாதிரியான சத்தம். அவள் கொட்டகைக்குப் போய் டிராக்டரின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

சிப்பருக்கென்று தனி எஞ்சின் கிடையாது. குட்டி டிராக்டரின் பின்னால் மாட்டி, அதன் தண்டோடு இதன் தண்டைக் கோத்தால்தான் உள்ளே இருக்கும் கத்திச் சக்கரம் சுற்றும். டிராக்டர் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே உடம்பு சிலிர்த்திருக்கும். மூத்தவளுக்கு வயிறுதான் எரிந்தது.

"இன்னொரு டிராக்டர் வாங்கிட்டா," என்று வாய்விட்டே சொன்னாள். "நமக்குத் தெரியாம வாங்கிட்டா."

அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், நடுவில் ஒரு டிராக்டர். அதை ஓட்டுவது, கிரீஸ் வைப்பது, சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது எல்லாம் பதினோரு வருடமாக அண்ணன் மனைவியான மூத்தவள்தான். தம்பி மனைவியான சின்னவளுக்கு வேண்டுமென்றால் மேலே ஏறி வந்து கேட்க வேண்டும். மூத்தவள் உடனே கொடுத்துவிட மாட்டாள். ஈரக் கையைத் துடைப்பாள், எதற்கு என்பாள், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பாள், பிறகுதான் சாவி கை மாறும். அந்த அரை நிமிடம் அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி.

இந்த வருடம் கவாத்து செய்த கிளைகள் மலையாய்க் குவிந்துவிட்டன. அவற்றைத் தூளாக்கி மரத்தடியில் பரப்பலாம் என்று மெஷின் விற்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு கம்பெனியின் சிப்பர்களை இறக்கினார். "ஆளுக்கு ஒண்ணு வச்சுப் பத்து நாள் ஓட்டிப் பாருங்க மேடம். சிவப்புல நாம தள்ளி விடணும். சாம்பல் கலர் தானா இழுத்துக்கும்." பத்தாம் நாள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று பேச்சு. கூடவே மூத்தவளின் புருஷன் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்: "எந்த வீட்டு மெஷின் நிக்குதோ, அந்த வீட்டுலயே டிராக்டரும் நிக்கட்டும். தினம் இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம்."

அப்படியென்றால் சாவியும் போகும். மூத்தவள் சட்டென்று சிவப்பின் மேல் கை வைத்தாள். அதுதான் பெரிதாக, பளபளவென்று இருந்தது. சாம்பல், யாரோ பெயின்ட் அடிக்க மறந்த மாதிரி இருந்தது. அது சின்னவளுக்குப் போயிற்று.

ஆறே நாளில் சிவப்பு அவள் மானத்தை வாங்கிவிட்டது. பச்சை இலையோடு போட்டால் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்து கையால் தோண்ட வேண்டியிருந்தது. மணிக்கட்டு தடிமனுக்கு மேல் ஒரு கிளையும் உள்ளே போகவில்லை. கீழ்த் தோட்டத்திலோ குவியல் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. டிராக்டர் அங்கே போகாத நாட்களிலும் கரைந்தது.

அவள் விடுவிடுவென்று கீழே இறங்கினாள். வாசலை நெருங்கும்போது முனகல் நின்றுவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் பார்த்தாள், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள், புது டயர்த் தடம் இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தாள். இன்னொரு டிராக்டர் எங்குமே இல்லை. சாம்பல் மெஷின் தனியாக நின்றது, எதோடும் கோக்காத தண்டு தரையில் கிடந்தது. பக்கத்தில் சின்னவள், கையில் ஒரு நாற்காலிக் காலோடு.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"எதைக்கா?"

"டிராக்டரை."

"நமக்கு இருக்கறதே ஒண்ணுதானேக்கா." சின்னவளின் கண்களுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. "இது சும்மா இருந்தா முனக ஆரம்பிச்சுடுது. ஏதாவது போட்டுக்கிட்டே இருக்கணும்."

மூத்தவளுக்கு அது பெருமை அடிப்பதாகத்தான் கேட்டது. வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கோழிக் கூண்டுக்குக் கதவு இல்லை. முற்றத்தில் இருந்த பெஞ்சு இல்லை. ஓஹோ, பழசையெல்லாம் போட்டுவிட்டு மகாராணி புதுசு வாங்கப் போகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கொழுந்தன் எங்க?"

"வெளியூர் போயிருக்கார்."

"எப்போ?"

"மூணு நாளாச்சு." சின்னவள் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள். "போன் எடுக்க மாட்டேங்கறார்."

ஆக, ஆள் துணைகூட இல்லாமல் ஒற்றை ஆளாக இத்தனையும் முடித்திருக்கிறாள். மூத்தவளுக்கு நெஞ்சு காந்தியது. தூள் குவியலில் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். நறுக்கிய மாதிரி ஒரே அளவு. அடியில் இருந்தது மட்டும் ஈரமாக, கொஞ்சம் கருத்து, வெதுவெதுப்பாக இருந்தது. பச்சை மரம் என்றால் அப்படித்தான் இருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது புருஷன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "சின்னவ மெஷினையே எடுத்துக்கலாம்னு பாக்கறேன். வேலை சுத்தமா இருக்கு. அவளும் சளைக்காம செய்யறா."

சளைக்காமல். பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் இவளைப் பார்த்து ஒரு தடவை சொன்னதில்லை.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு கீழே போனாள். "மீதி நாளைக்கு மெஷினை மாத்திக்கலாம். ரெண்டையும் நானும் ஓட்டிப் பாத்தாத்தானே நியாயம்?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே கேக்கறீங்களாக்கா?"

"ஆமா."

"மாமா முன்னாடி சொல்லுங்க. நான் தள்ளி விடலை. நீங்களா கேக்கறீங்க."

"என்னடி இது, பத்திரத்துல கையெழுத்து வேணுமா? நான்தான் கேக்கறேன். குடு."

சின்னவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மூத்தவளுக்கு அந்த அழுகை தேனாக இனித்தது. பொறாமையில் அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று, சாம்பல் மெஷினை டிராக்டரில் மாட்டி, திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினாள்.

என்ன மெஷின் அது! கிளையின் நுனியைக் காட்டினால் போதும், உள்ளே இருக்கும் இரண்டு பல் உருளைகள் வாங்கிக்கொண்டன. தொடை தடிமன் கட்டையும் முணுமுணுக்காமல் உள்ளே போயிற்று. பச்சை மரத்தின் வாசனையும், அதற்கடியில் சூடேறிய இரும்பின் வாசனையும், அதற்கும் அடியில் இன்னதென்று தெரியாத லேசான உப்பு வாசனையும் முற்றமெல்லாம் பரவின. ஆறு நாள் குவியல் பொழுது சாய்வதற்குள் காலி. புருஷன் வெளியே வந்து பார்த்து, "பரவாயில்லையே, கில்லாடிதான் நீ," என்றார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

டிராக்டரைக் கழற்றிக் கொட்டகையில் விட்டாள். எஞ்சினை அணைத்தாள்.

மெஷின் நிற்கவில்லை.

கனமான சக்கரம், ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நூறு வரை எண்ணினாள். முனகல் குறையவில்லை. தண்டு தரையில் அசையாமல் கிடந்தது. அவள் கைமயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"உள்ள துணி மாதிரி ஏதோ மாட்டியிருக்கு," என்றார் புருஷன். அவர் ஏற்கனவே அதன் வாய்க்கருகில் குனிந்திருந்தார்.

"தொடாதீங்க!"

அவர் கையை விட்டு இழுத்தார். கட்டம் போட்ட சட்டைக் கை ஒன்று முழங்கை வரை வந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"இது தம்பி சட்டை."

உருளைகள் சுற்றத் தொடங்கின. அவசரமே இல்லாமல். சட்டைக் கை உள்ளே திரும்பியது. அவர் விடவில்லை, இன்னும் குனிந்தார். தோள் வரை கை போயிற்று.

அவள் ஓடினாள். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள்.

"விடுங்க! துணிதானே, விட்டுடுங்க!"

"நான் எப்பவோ விட்டுட்டேன்." அவர் குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. "அவன்தான் பிடிச்சிருக்கான்."

செருப்பு நழுவியது. தூளில் அவர் குதிகால்கள் இரண்டு கோடுகள் போட்டன. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை, முந்தின நாளைவிடத் தெளிந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுடி யாரையாவது! வாயேன்டி!"

"நீங்கதானேக்கா கேட்டீங்க."

வாயின் மேல்விளிம்பில் ஒரு கம்பி இருந்தது. அடித்தால் உருளைகள் பின்பக்கம் திரும்பும். மூத்தவள் காலைத் தூக்கி அதை உதைத்தாள். ஒருமுறை. மறுமுறை.

உருளைகள் நின்றன. பின்பக்கம் சுற்றின. அவர் கை மெதுவாக வெளியே வந்தது. தோள். முழங்கை. மணிக்கட்டு. முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அவள் மூச்சு விட்டாள்.

அவர் விரல்களோடு கோத்தபடி இன்னும் நான்கு விரல்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு கை, அந்தக் கையின் மணிக்கட்டைப் பற்றியபடி வேறொன்று, அதற்குப் பின்னால் யாருடையதென்றே தெரியாத மற்றொன்று. எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. எதுவும் பிடியை விடவில்லை.

உருளைகள் மறுபடியும் முன்பக்கம் சுற்றத் தொடங்கின.