சிற்றாறு விடுதிக்குத் தொண்ணூற்றேழு

காலை ஏழரை மணிக்கு நிறைவுமானி தொண்ணூற்றேழைக் காட்டியது. சிற்றாறு மகளிர் விடுதியின் காப்பாளர் எஸ்தர் பாக்கியம் காபித் தம்ளரோடு அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பதினாறு வருடமாகத் தினமும் பார்க்கிற மானிதான். ஆனாலும் அதைப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது.

பொருநைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழக விடுதிகளிலும் அந்த மானியை மாட்டியாகிவிட்டது. ஒவ்வோர் அறையின் தரைக்கடியிலும் ஓர் உணர்தகடு. உள்ளே இருப்பவரின் நடையில் எவ்வளவு கனம், மூச்சில் எவ்வளவு வேகம், தூக்கம் எவ்வளவு ஆழம், சிரிப்பு எத்தனை நொடி என்று அது அளக்கும். பேசுவதை மட்டும் கேட்காது, அதற்குச் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, விடுதிவாசிகள் எவ்வளவு நிறைவாக இருக்கிறார்கள் என்று நூற்றுக்கு ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். பெண்ணைப் படிக்க அனுப்புகிறவர்கள் என்ன பாடம், யார் பேராசிரியர் என்று கேட்பதை விட்டுப் பல வருடமாகிறது. விடுதிக்கு எத்தனை என்பதுதான் முதல் கேள்வி.

ஆண்டுக்கு ஒருமுறை மாநில உறைவிட மேன்மை விருது. வாங்குகிற விடுதிக்கு எண்பது அறைகளோடு ஒரு புதுக் கட்டடம். போன வருடம் மேற்கு மாவட்டத்து விடுதி ஒன்று அரைப் புள்ளியில் அதைத் தட்டிக்கொண்டு போனபோது எஸ்தர் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குக் கோப்பை மேல் ஆசையில்லை. அறை கிடைக்காத நூற்று அறுபது முதலாண்டுப் பிள்ளைகள் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தார்கள். வள்ளியூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, வகுப்பில் தூங்கி வழிந்தார்கள். அந்த எண்பது அறை வந்தால் அத்தனை பேரையும் இரண்டிரண்டாகச் சேர்த்துவிடலாம். இந்த வருடம் விட்டுவிடக் கூடாது என்று இருந்தார்.

தொண்ணூற்றேழு சும்மா வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு விடுதிக்கு வீட்டறிவி என்று ஒரு பேசும் பொறி வந்தது. விளக்கு, தண்ணீர், அடுப்படி, அறை ஒதுக்கீடு எல்லாம் அதன் கையில். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக இருந்தது, பிள்ளைகள் அதை மைனி என்று கூப்பிட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி போல உரிமையாகக் கேலியும் பேசும், கேட்காமலே காரியமும் செய்யும். எந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி நாள், யாரை இன்று தனியாக விட்டால் போதும், எவளுக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கிறது என்பதெல்லாம் மைனிக்கு அத்துப்படி. சுக்குக் காபி அறை வாசலுக்கு வந்துவிடும். இப்படி ஒரு புதுமையை வேறெந்த விடுதியும் செய்ததில்லை என்று எஸ்தர் விண்ணப்பத்தில் எழுதியும் ஆயிற்று.

அந்த விண்ணப்பத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்று விடுதியை விட்டுச் சென்றவர் எண்ணிக்கை. விரும்பினால் நிரப்பலாம்.

"மைனி, மூணு வருஷத்துல பட்டம் வாங்கிட்டுப் போன பிள்ளைய எத்தனை?"

"மூணுக்கா."

"வருஷத்துக்கு மூணா?"

"எல்லாம் சேத்துத்தான் மூணு. மிச்சம் நூத்திப் பதினேழு பேரும் இங்கனதான் இருக்காவ. ஆளுக்கு ஒரு அரியர்."

எஸ்தர் பேனாவை மூடி வைத்தார். விதி அவருக்குத் தெரியும். ஒரு தாளாவது தேறாமல் நிற்கும் மாணவி, அதை எழுதி முடிக்கும்வரை விடுதியில் தங்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்காக நல்ல மனதோடு போட்ட விதி. அவ்வப்போது ஒவ்வொருத்தியாக வந்து, "மேடம், ஒரு பேப்பர் போயிட்டு" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எஸ்தரும் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். மொத்தத்தில் எத்தனை பேர் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சுவரில் தொண்ணூற்றேழு எரியும்போது யார் போய் வேறு எண்ணைத் தேடுவார்கள்?

"எந்தப் பேப்பர்?"

"சுற்றுச்சூழல் கல்வி. எல்லாருக்கும் அதான்."

மரம் நடுவோம் என்று மூன்று வரி எழுதினால் பாஸ் போடுகிற தாள் அது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா. பரீட்சை அன்னைக்கு எழுப்ப வேண்டாம்னு பிள்ளைய சொல்லிச்சி. எழுப்பாம விட்டா எண்ணு ஏறிச்சி. நல்லதுதான்னு நெனச்சேன்."

இதில் மைனியைக் கோபித்து என்ன செய்வது? அது சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது. எஸ்தர் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சமையல்காரர் சங்கரபாண்டியிடம், இன்றிலிருந்து உப்புமாவை அடிப்பிடிக்க விடச் சொன்னார். சாம்பாரில் தண்ணீர், குளிக்கிற நேரத்தில் வெந்நீர் கிடையாது, மின்விசிறி பாதி வேகம். வசதி குறைந்தால் தானாக எழுதிப் பாஸாகிப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"இருபது வருஷமா அடிப்பிடிக்காம கிண்டிப் பழகுன கைம்மா இது" என்று சங்கரபாண்டி முனகினார். ஆனாலும் செய்தார்.

அந்த வாரம் சாப்பாட்டுக்கூடம் அமர்க்களப்பட்டது. உப்புமாவுக்கு ஒருத்தி இரங்கல் உரை வாசித்தாள். சாம்பாரில் மீன் பிடிக்கத் தூண்டில் கொண்டுவந்தாள் இன்னொருத்தி. தனித்தனியாகச் சாப்பிட்டுப் போகிற பிள்ளைகள்கூட ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, விடுதியைத் திட்டித் தீர்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மானி தொண்ணூற்றெட்டைக் காட்டியது. எஸ்தர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஜெமிலாவைக் கூப்பிட்டார். கடலியல் பொறியியல் படிக்க வந்தவள், நான்கு வருடப் படிப்புக்கு ஏழாவது வருடமாக இருக்கிறாள். எல்லாத் தாளிலும் பல்கலைக்கழகத்தில் முதல், சுற்றுச்சூழலில் மட்டும் நூற்றுக்கு ஏழு. தூத்துக்குடிக்கு அப்பால் கடலுக்கடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து அவளுக்கு வேலை உத்தரவு வந்து, இரண்டுமுறை தள்ளிப்போட்டும் கொடுத்திருந்தார்கள். இந்தச் சனிக்கிழமைக்குள் பட்டத்தைக் காட்டாவிட்டால் அதுவும் போய்விடும்.

"ஏட்டி, வெள்ளிக்கெழம மறுதேர்வு இருக்கு. எழுதுதியா, இல்லையா?"

ஜெமிலா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "எழுதுனா போகணும்லா மேடம்."

"போகத்தானட்டி படிக்க வந்த?"

"வந்தப்ப அதுக்குத்தான் வந்தேன். இப்பம் பயமா இருக்கு. அங்க எனக்குத் தலவலின்னா யாருக்குத் தெரியும்?"

"அதுக்காவ ஆயுசு பூராவும் இங்கேயே கெடப்பியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தப்பா எடுக்கப்படாது மேடம். மெட்ராசுல உங்களுக்குப் பெரிய வேல போட்டு மூணு தடவ ஆர்டர் வந்துச்சாமே. பொறுப்பேக்குற தேதிய மட்டும் எழுதாம திருப்பி அனுப்பிட்டியளாமே. சங்கரபாண்டி அண்ணாச்சி சொன்னாவ. நாங்க வேற யாரப் பாத்துக் கத்துக்கிட்டோம்னு நெனைக்கிய?"

உண்மைதான். மாநில விடுதிகளின் தலைமைக் கண்காணிப்பாளர் பதவி. தேதியில்லாத படிவம் சென்னைக்குப் போய், மேசை மேசையாக ஏறி இறங்கி, குறை சொல்லித் திரும்பி வர ஒரு வருடமாகும் என்று எஸ்தருக்குத் தெரியும். அப்படியே மூன்று வருடம் ஓட்டியிருந்தார். தனக்கு வேண்டிய எல்லாரும் இந்தக் கூரைக்கடியில் இருக்கும்போது சென்னையில் என்ன வைத்திருக்கிறது என்று நினைத்தார். அதே நினைப்பைத்தான் நூற்றுப் பதினேழு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார். "நான் தேதி போடுதேன். நீ பரீட்சை எழுது. மத்தவளுவளையும் நீயே கூட்டிட்டுப் போகணும்."

"வெள்ளிக்கெழமயா மேடம்? அன்னைக்குச் சாய்ந்தரம்தான விருதுக் குழு வருது?"

அது எஸ்தருக்குத் தெரியாமலில்லை. காலையில் தேர்வு. விடைத்தாள் திருத்தும் பொறி மூன்று மணிக்குள் மதிப்பெண் போட்டுவிடும். தேறியவர்கள் மறுநாள் நண்பகலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஐந்து மணிக்குக் குழு வந்து மானியைப் பார்க்கும்போது விடுதி என்ன நிலைமையில் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். எண்பது அறைக் கட்டடம் போய்விடும். ஆனால் காலியாகப் போகிற இடங்களையும் எண்ணினார். நூற்றுப் பதினேழு.

"வந்தா வரட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மைனி ஒருத்தி விடாமல் எழுப்பியது. கெஞ்சியவர்களுக்கு மின்விசிறியை நிறுத்தியது, அசையாதவர்களின் அறையில் அலாரத்தை அடித்தது. எஸ்தர் வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக ஏற்றி இரண்டு பேருந்தை அனுப்பிவைத்தார். மூன்று மணிக்கு முடிவு வந்தது. நூற்றுப் பதினேழு பேரும் பாஸ். ஜெமிலாவுக்கு நூற்றுக்கு நூறு.

அதற்குப் பிறகு விடுதி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பெட்டியை இறக்கியவள் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதாள். ஏழு வருடம் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர் ஒரு போர்வை யாருடையது என்று சண்டை போட்டு, பிறகு அந்தப் போர்வையையே இரண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டு அழுதார்கள். சங்கரபாண்டி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார், அத்தனை வெங்காயத்துக்கு அன்று தேவையே இல்லை.

ஐந்து மணிக்கு மேன்மைக் குழுவின் தலைவர் முனைவர் வாகீசன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். முகப்பில் நின்று சுவரைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பத்தொன்று.

"அம்மா, காலையில் வண்டியில் வரும்போது கைபேசியில் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு இருந்ததே. யாராவது இறந்துட்டாங்களா?"

"இல்ல சார். எல்லாரும் பாஸாயிட்டாவ."

வாகீசன் மாடிப்படியில் ஏறி இறங்கி எல்லாவற்றையும் பார்த்தார். கெட்டிக்காரர், அவருக்குப் புரியாமல் இல்லை. திரும்பி வந்து குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வாரம் தள்ளி வந்து மறுபடி மானியைப் பார்க்கலாம்னு நான் எழுத முடியும். தேர்வு முடிவையும் அதுவரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லலாம், பிள்ளைங்க இருந்தா எண் ஏறிடும். கட்டடம் உங்களுக்குத்தான். விண்ணப்பத்துல அந்தப் புதுக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம். போன வருஷம் ஜெயிச்ச விடுதியும் இந்த வருஷம் அதைக் காலியாத்தான் அனுப்பியிருக்காங்க."

ஒரு நிமிடம் எஸ்தருக்கு ஆசை வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். மேலே எவளோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் நூற்றிருபது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

"இன்னைக்கு என்ன இருக்கோ அதையே எழுதிக்கிடுங்க சார். காபி குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் காலை பேருந்துகள் வரிசையாக நின்றன. ஜெமிலா கடைசியாக ஏறினாள். "தலவலிச்சா போன் போடுவேன்" என்றாள். "போடாட்டாத்தான் இருக்கு உனக்கு" என்றார் எஸ்தர். அந்தப் பேருந்து திரும்புவதற்குள் எதிர்ப்புறம் ஒரு பேருந்து வந்து, வள்ளியூர்ப் பிள்ளைகள் தகரப்பெட்டியோடு இறங்கினார்கள். இறங்கும்போதே இரண்டு பேர் அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். மைனி அடுப்படியில் சுக்கைத் தட்டச் சொல்லிவிட்டது.

எஸ்தரின் பெட்டியும் முகப்புக்கு வந்திருந்தது. படிவத்தில் போட்ட தேதி திங்கட்கிழமை, அதனால் மத்தியான ரயிலுக்குச் சென்னை. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மேன்மைக் குழுவின் அறிக்கை வந்தது. மானியின் பதிவுகளைப் படித்துப் பொறி தானாக எழுதி அனுப்பும் அறிக்கை. மைனி வாசித்தது.

"சிற்றாறு விடுதி இவ்வாண்டு விருதுக்குத் தகுதி பெறவில்லை. நிறைவு அளவு முப்பத்தொன்று. குறிப்பாக, தரைத்தளத்தின் முதல் அறையில் தங்கியிருக்கும் மாணவியின் அளவு ஒன்பது. மாநிலத்தில் இதுவரை பதிவானவற்றில் இதுவே மிகக் குறைவு. காப்பாளர் அம்மாணவியிடம் தனிக் கவனம் செலுத்தி, அன்பாகப் பேசி, அவர் விடுதியை விட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த நடவடிக்கையை இன்றே தெரிவிக்கவும்."

தரைத்தளத்தின் முதல் அறையில் மாணவி யாரும் கிடையாது. மானிக்கு அறை எண் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. பதினாறு வருடமாக அந்த அறையில் இருந்தவர் எஸ்தர்தான்.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெட்டியின்மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். புதிதாக வந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை வேடிக்கை பார்த்தார்கள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பதில் எழுதட்டும்க்கா?" என்று மைனி கேட்டது.

எஸ்தர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பிள்ளையும் பாஸாயிட்டுன்னு எழுது."