ஒன்பதாம் குமிழில் மூன்று மீன்கள்

செவ்வாய்க் கிரகத்தின் ஒன்பதாம் குமிழ்க் குடியிருப்பில் கழிவறை பேசும். "நன்றி அம்மா, இன்றும் நல்ல பங்களிப்பு" என்று காலையில் அது சொல்ல, "சரி, சரி" என்று முனகிக்கொண்டு அமலோற்பவம் வெளியே வருவாள். முதல் வாரம் வெட்கமாகத்தான் இருந்தது. நாளெல்லாம் தன்னிடம் பேசுவதே இரண்டு குரல்கள்தான், அதில் இது ஒன்று என்று ஆனபின் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இன்னொரு குரல் கவனியுடையது. முழங்கால் உயரத்தில் சக்கரம் வைத்து உருளும் பணி இயந்திரம்.

அமலோற்பவம் தூத்துக்குடிக்காரி, ஐம்பத்திரண்டு வயது, சொல்லிக்கொள்ள உறவு யாருமில்லை. இன்னும் யாரும் குடிவராத நானூறு வீடுகள் கொண்ட அந்தப் புதுக் குமிழுக்கு அவள் ஒருத்திதான் காவல். திருடனே இல்லாத கிரகத்தில் காவல் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வேலை கிடைத்ததே பெரிது என்று ஏறி வந்துவிட்டாள். வந்தபின்தான் தெரிந்தது, தும்மினால் 'நூறாயுசு' சொல்லக்கூட ஒரு நாதி இல்லை என்று.

அவள் அழுவதைக் கருவிகள் பதிவு செய்தனவோ என்னவோ, மூன்றாம் வாரச் சரக்கில் ஒரு கண்ணாடித் தொட்டியும் மூன்று வரிமீன்களும் வந்தன.

"தொட்டி புதியது" என்றது கவனி. "மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கே நஞ்சு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற ஆறு வாரமாவது ஆகும்."

"அதுவரைக்கும் இதுக என்ன செய்யும்?"

"தாங்கிக்கொள்ளும். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தீனி மிகக் கொஞ்சம் போடுங்கள்."

தண்ணீரை ஒழுங்காக மாற்றினாள். தீனியில்தான் வினை. தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம், "சாப்ட்டியளா மக்கா?" என்று வாயில் தானாக வந்துவிடும். மூன்றும் வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்க அவளுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கேட்டாள், ஐந்து தடவையும் போட்டாள். ஆறாம் நாள் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

"பாவி, நானே சோத்தப் போட்டுக் கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மிச்சம் இரண்டையாவது காப்பாற்றியே தீருவது என்று அன்று முடிவு செய்தாள். தான் குளிக்கக் கிடைத்த தண்ணீரைத் தொட்டிக்குக் கொடுத்தாள். தீனி டப்பாவைக் கவனியிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராத" என்றாள். அந்த நாட்களில் அவளுக்கும் தலைவலி, கண்ணெரிச்சல். அழுத கண்ணாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் கேட்டாள்: "ஏ கவனி, மீன விடாம இந்தக் கிருமிய வளக்க முடியாதா?"

"முடியும். பழைய தொட்டியின் அழுக்குப் பஞ்சைப் போட்டாலே சீக்கிரம் வளரும்."

"பொறவு ஏன் செய்யல?"

"மீன் கைவசம் இருந்தது."

நாற்பத்தாறாம் நாள் சோதனைக்குழாயில் அம்மோனியா பூச்சியம், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூச்சியம். இரண்டு மீன்களும் துள்ளி விளையாடின. அமலோற்பவத்துக்குத் தாங்கவில்லை. குடியேற்ற அதிகாரி தெய்வசிகாமணியைத் திரையில் அழைத்தாள்.

"சார், என் மீனு பொழச்சிட்டு!"

"அடடே, சந்தோஷம்மா! நம்ம குமிழும் நேத்தோட தேறிடுச்சு. உங்க மூச்சு, வேர்வை, கழிவு எல்லாத்தையும் தின்னு, சுவர்ல நுண்ணுயிர் நல்லாப் பிடிச்சிருக்கு. இனிமே நானூறு குடும்பம் விட்டாலும் காத்து கெடாது. வியாழக்கிழமை வர்றாங்க. நீங்க புதுசா கட்டின பத்தாம் குமிழுக்குப் போயிடுங்க."

அவள் தொட்டியைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அப்ப என் தலைவலி?"

"எட்டாம் குமிழ்ல இருந்தவருக்கும் இருந்துச்சும்மா. தாங்கிட்டார்."

"எட்டாம் குமிழுச் செவுத்துல நாலு சில்லு பேத்துட்டு வந்து இங்க ஒட்டியிருந்தா, நான் இந்தப் பாடு படணுமா சார்?"

அதிகாரி உண்மையிலேயே திகைத்துப்போனார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஊரான் மூச்சு பட்ட சுவரை யாராவது வாங்குவாங்களா? எல்லாரும் கேக்குறதே புத்தம்புது வீடுதானே!"

வியாழக்கிழமை அவள் மீன்களைத் தண்ணீர்ப் பையில் விட்டு, அந்த அழுக்குப் பஞ்சையும் கழுவாமல் கூடவே போட்டுக்கொண்டாள். புதுத் தொட்டியில் அதுகளாவது இன்னொரு தடவை நஞ்சு குடிக்க வேண்டாம்.

குமிழின் வாசலில் முதல் குடும்பம் நின்றிருந்தது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி, பக்கத்தில் கணவன், வாடகைக்கு எடுத்த இயந்திரப் பசு ஒன்று. பசுவின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். கழுத்து மணி நிஜமாகவே ஒலித்தது.

"சார், பசுவுக்கு முந்தி மனுஷங்க யாரும் உள்ள கால் வைக்கலைல்ல?" என்று பட்டுப்புடவைக்காரி அங்கே நின்ற அதிகாரியிடம் கேட்டாள்.

தெய்வசிகாமணி, வாசலைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்த அமலோற்பவத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"யாருமே இல்லைங்க மேடம். நீங்கதான் முதல்."

பசு உள்ளே போனது. பின்னால் போன பட்டுப்புடவைக்காரி மூச்சை ஆழமாக இழுத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்: "புதுசுன்னா புதுசுதாங்க. காத்து எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க!"