உள்ளே இழுக்கும் கை

கதவு திறக்கக் கூடாத இடத்தில் திறந்தது.

கூடத்துப் பலகைமேல் கணவர் அமைத்திருந்த பொம்மை ரயிலின் கடைசிப் பெட்டி அது. தபால் கொண்டுபோகும் பெட்டி; தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம். ஸ்டேஷன் வாசலில் தண்டவாளங்களுக்கு நடுவே அவள் ஒட்டியிருந்த சின்ன மேட்டில், பெட்டியின் அடியில் தொங்கும் கம்பி தட்ட வேண்டும். தட்டினால் உள்ளே சக்கரம் சுழலும், பக்கக் கதவு விலகும், தபால்காரப் பொம்மையின் கை நீண்டு ஒரு மூட்டையைப் பிளாட்பாரத்தில் தள்ளும். ஆனால் ஸ்டேஷனுக்கு இன்னும் இரண்டு முழம் இருந்தது. மேடே இல்லாத நேர்ப்பாதையில் கதவு மெல்ல விலகி, யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் நின்று, மறுபடி மூடிக்கொண்டது.

"எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்று கணவருக்குப் பிறந்தநாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் இந்தத் தபால் பெட்டிதான். செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு, பல்லுக்குக் கம்பி வளைக்கும் குறட்டாலேயே நெம்புகோலை வளைத்தாள். பல் வார்த்து மிஞ்சிய பிசினில் தபால்காரரை வார்த்தாள். அதனால் அவருடைய முகத்துக்கும் கைக்கும் பல்லின் நிறம். அந்தப் பிசினின் காரமான வாசனை இன்னும் கூடத்தில் தங்கியிருந்தது.

வண்டி ஸ்டேஷனை அடைந்தது. டிக். கதவு விலகியது. கை நீண்டது. மூட்டையைத் தள்ளவில்லை, பிளாட்பாரத்தில் அழகுக்காக வைத்திருந்த மூட்டையை அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க வாயின் அச்சுகளோடு மாரடிப்பவள். அச்சில் பள்ளமென்றால் பல்லில் மேடு, அங்கே மேடென்றால் இங்கே பள்ளம். கைப்பழக்கத்தில் சக்கரத்தையும் தலைகீழாக வெட்டியிருக்கிறாள். கொடுக்க வேண்டிய கை வாங்குகிறது!

வண்டியை நிறுத்தி, பெட்டியைத் தூக்கிக் கூரையைக் கழற்றினாள். ஒரு சக்கரம், ஒரு ஸ்பிரிங், தபால்காரர். மூட்டை இல்லை. பலகைக்கு அடியில் தேடினாள். அங்கும் இல்லை.

கூரையை மாட்டி வண்டியில் சேர்த்தபோது போன் அடித்தது.

"என்ன பல்லுக்காரி, வீட்லதானே இருக்க?"

"ஆமாங்க. நீங்க எங்க?"

"ஸ்டேஷன்ல தவம் கிடக்கேன். வண்டி லேட்டு. பரிசு கிரிசு ஏதாவது உண்டா, இல்ல வழக்கம்போல கைக்குட்டைதானா?"

"வந்து பாருங்க. கண்ணைத் தொடைக்க அந்தக் கைக்குட்டையும் வேணும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் டிக் என்றது. அவருடைய பக்கத்திலா, இந்தப் பக்கத்திலா? திரும்பிப் பார்த்தாள். விசையைத் தொடவே இல்லை, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிளாட்பார பெஞ்சுக்குக் கீழே படுத்திருந்த நாய்ப்பொம்மையைக் காணோம்.

விசையைத் திருகினாள். நிற்கவில்லை. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். அப்போதும் வண்டி ஓடியது. சக்கரங்களின் சத்தம் இன்னும் நிதானமாக, இன்னும் கனமாக, பலகையைத் தாண்டித் தரையில் அதிர்ந்தது.

அப்போதுதான் பிளாட்பாரத்தின் விளிம்பில் நிற்கும் பொம்மை அவள் கண்ணில் பட்டது. நீலச் சட்டை, தோளில் பை. கணவர் தன்னையே செதுக்கி, பலகையில் தெருக்கோடியில் வைத்திருந்த தங்கள் வீட்டுப் பொம்மையைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார். "உன்கிட்ட வர்றதுக்கே நிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று சொல்லித்தான் ஒட்டினார்.

பிய்க்கப் பார்த்தாள். அசையவில்லை. எதை ஒட்டினாலும் ஏழு ஜென்மத்துக்கும் சேர்த்துப் பசை போடுகிற மனுஷர்.

"என்னங்க, அந்த ஓரத்துல நிக்காதீங்க. பின்னாடி வாங்க."

"எந்த ஓரம்? ஏய், எப்படித் தெரியும் உனக்கு? இரு, ஏதோ வண்டி வருது. தபால் வண்டி மாதிரி இருக்கு. என் முன்னாடியே நிக்குதே..."

"ஏறாதீங்க!"

"நான் எங்க ஏறப் போறேன்? கதவு தானா திறக்குது. உள்ள ஒரே இருட்டு. ஒருத்தர் நிக்கிறார். முகம் ஏன் இப்படி..."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பற்றினாள். சற்றுமுன் இரண்டு விரலில் தூக்கிய பெட்டி. மலைபோல் கனத்தது. அவளுடைய கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்ந்தது. நகம் பிய்ந்தது. விடவில்லை. வழுக்கியது.

டிக்.

கதவு விலகியது.

வெளுத்த கை. நீண்டது. அவள் செய்த அளவைவிட நீண்டது. நீலச் சட்டையைச் சுற்றியது.

போனில் ஒரு மூச்சு. பாதியில் நின்ற மூச்சு.

கதவு மூடியது.

பிளாட்பாரத்தின் விளிம்பில் இரண்டு காலடி அளவுக்குப் பசை மட்டும் மின்னியது. போன் அணையவில்லை. அதற்குள்ளிருந்து சக்கரங்களின் சத்தம் வந்தது. பலகைமேல் கேட்கும் அதே சத்தம், அதே தாளம்.

"என்னங்க..."

இருட்டிய கூடத்தில் வண்டி பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவது சுற்றில் கடைசிப் பெட்டியின் ஜன்னலில், உட்புறமாக ஆவி படிந்தது. ஆவியின் நடுவே, எள்ளளவில், விரல்கள் விரிந்த ஓர் உள்ளங்கை கண்ணாடியில் அழுந்திப் பதிந்தது.