மைக் ஏன் கூவியது?

கூடப் படிக்கும் மணிமாறன் மேல் வெண்ணிலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. யாரையாவது கையும் களவுமாகப் பிடித்தால்தான் இறங்கும்.

அன்று மாலை திண்டிவனத்தில் அவர்கள் பள்ளியின் ஆண்டு விழா. மதியம் ஒத்திகை நடந்தது. வெண்ணிலாவின் உயிர்த்தோழி ஜெசிந்தா, 'மல்லாட்டைச் செடி பேசுகிறேன்' என்று, நிலக்கடலைச் செடியே பேசுவதுபோல் தானே எழுதிய வேடிக்கைப் பேச்சைப் பேச மேடையேறினாள்.

வெண்ணிலாவும் கூடவே ஏறினாள். தன் சடையிலிருந்த கனகாம்பரச் சரத்தை எடுத்து மைக்கின் தலையைச் சுற்றிக் கட்டினாள். அவள் வீட்டில் வண்டியோ மோட்டாரோ, எதுவானாலும் பூ வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

"மண்ணுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கறது யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் ஜெசிந்தா.

'கூஊஊஊ!'

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜெசிந்தா பாதியிலேயே இறங்கினாள். மற்றவர்களுக்கு எதற்குத் தன் பூ என்று வெண்ணிலா அதைக் கழற்றிக்கொண்டாள். அடுத்து வந்தவர்கள் பாடினார்கள். மைக் சமர்த்தாக இருந்தது. மறுபடி ஜெசிந்தா வந்தாள். வெண்ணிலா பூவைச் சுற்றினாள். மறுபடி 'கூஊஊஊ!'

"இன்னொரு தரம் கத்திச்சுன்னா இந்தப் பேச்சையே எடுத்துட வேண்டியதுதான்" என்றார் அம்சா டீச்சர். ஜெசிந்தாவின் கண்கள் கலங்கிவிட்டன.

மற்றவர்களுக்குக் கத்தாத மைக் இவளுக்கு மட்டும் ஏன் கத்த வேண்டும்? பூவைக் கழற்றிச் சடையில் செருகியபடி வெண்ணிலா சுற்றுமுற்றும் பார்த்தாள். சவுண்டு செட் மேசைக்குப் பக்கத்தில் மணிமாறன் நின்றிருந்தான். மேசை முழுக்கச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள். அவனும் ஒரு பேச்சு எழுதிக்கொண்டு வந்தவன்தான். டீச்சர் அதைச் சேர்க்கவில்லை. போதாதா?

"நீதானே திருகுன?"

"நான் எதையும் தொடல. இங்கதான் ஃபேன் காத்து வருது. நின்னுக்கினு இருக்கேன்."

"காத்து வாங்கறவன் மூஞ்சா இது?"

அதோடு விட்டாளா? வகுப்பு முழுக்கப் போய், மணிமாறன்தான் மைக்கைக் கெடுக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லோரும் அவனையே முறைத்துப் பார்த்தார்கள். அவன் முகம் வாடிப்போய் அரங்கின் கடைசி வாசலில் போய் நின்றுகொண்டான். அங்கே ஏன் போனான் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது வெண்ணிலாவுக்கு.

சவுண்டு செட் பிரபாவதி அக்காவுடையது. அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "பேஜாரா இருக்குது பாப்பா. விழுப்புரத்துல நேத்து கல்யாணத்துக்குப் போட்டேன். ஒரு சின்ன சத்தம்கூட வரல."

மேசையில் இருந்த அவருடைய செல்போன் திரையில் பச்சைக் கோடுகள் எழும்பி எழும்பித் தாழ்ந்தன.

"இது என்னக்கா?"

"ஸ்பெக்ட்ரம் அனலைசர். தடிச்ச சத்தம்னா இடது பக்கம் கோடு எழும்பும். கீச்சுச் சத்தம்னா வலது பக்கம். மைக்கு கத்தப் போவுதுன்னா நம்ம காதுல விழறதுக்கு முன்னாடியே ஒத்தக் கோடு மட்டும் உயரமா ஏறும்."

"காதுல விழறதுக்கு முன்னாடியேவா? கொஞ்சம் குடுங்கக்கா!"

ஜெசிந்தாவுக்குக் கடைசி வாய்ப்பு. வெண்ணிலா ஒரு கையில் செல்போனும் மறு கையில் பூவுமாக மேடையேறினாள். ஒரு கண் திரை மேல், ஒரு கண் மணிமாறன் மேல். அவன் வாசலை விட்டு அசையவில்லை.

மைக்கில் பூவைச் சுற்றினாள். ஜெசிந்தா இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் மெல்ல ஏறத் தொடங்கியது.

வெண்ணிலா திரையை உற்றுப் பார்த்தாள். பூவை எடுத்தாள். கோடு இறங்கியது. வைத்தாள். ஏறியது.

பூவைச் சடையில் செருகிக்கொண்டு பேசாமல் இறங்கிவிடலாம். மைக் கத்தாது. ஜெசிந்தா பேசிவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மணிமாறனை வகுப்பே முறைத்துக்கொண்டிருக்குமே! நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, மணிமாறன் இல்லக்கா" என்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நான் வச்ச பூதான்!"

பிரபாவதி அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "வயர பாத்தேன், பாக்ஸ பாத்தேன், இத பாக்கலியே! மைக்கு முன்னாடி பேசறத மட்டும்தான் கேக்கணும். அதுக்குத்தான் தலைக்குப் பின்னாடியும் ஓட்டை வச்சிருக்காங்க. அத மூடிட்டா ஸ்பீக்கர் சத்தத்தையும் இழுத்துக்கினு கத்த ஆரம்பிச்சிடும்."

பூ இல்லாத மைக்கில் ஜெசிந்தா பேசினாள். தன்னைப் பிடுங்க வந்தவரிடம் மல்லாட்டைச் செடி கூலி பேசிய இடத்தில் அம்சா டீச்சரே விழுந்து விழுந்து சிரித்தார். "சாயந்திரம் இதேமாதிரி பேசணும்" என்றார்.

வெண்ணிலா வாசலுக்குப் போனாள். "மன்னிச்சிக்கோ மணிமாறா."

"தப்பா மட்டும் எல்லார்கிட்டயும் சொன்ன. இத எனக்கு மட்டும் சொல்றியா?"

"சரி, ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சொல்றேன்."

"எதுக்கு அவ்ளோ கஷ்டம்? மைக்குலயே சொல்லிடு. ஜல்தியா முடிஞ்சிடும்."

வெண்ணிலா மேடையேறினாள். இந்த நேரம் பார்த்து மைக் ஒருமுறை கூவித் தொலைக்கக் கூடாதா என்று ஆசையாக இருந்தது.

"மணிமாறன் எதையும் திருகல. நான்தான் தெரியாம பழி போட்டுட்டேன். மன்னிச்சிக்கோ மணிமாறா" என்றாள்.

மைக் கூவவே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் கடைசி வாசல் வரை தெளிவாகக் கேட்டது.