அழுத்து, விடு

முதல் அழுத்தில் பிரேக் பெடல் தரைவரை போனது. ஈரத்துணியை மிதித்த மாதிரி, எங்கேயும் எதுவும் எதிர்க்காமல். காலை எடுத்து மறுபடி அழுத்தினான். கொஞ்சம் மேலேயே நின்றது. மூன்றாவது முறை கெட்டியாகிவிட்டது. நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்த்தாயிற்று, பிரேக் எண்ணெய் எங்கும் கசியவில்லை. அப்படியென்றால் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று நிற்கிறது. முன்சக்கரத்து ரப்பர் குழாயை மாற்றும்போது அவனே உள்ளே விட்ட காற்று.

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

மெக்கானிக்கிடம் போகாமல் தானே மாற்றியதைப் பற்றி அலுவலகத்தில்கூடப் பீற்றிக்கொண்டிருந்தான். அவன் பார்த்த வீடியோவில் வந்த ஆள் பல் தேய்க்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் செய்தான். கடைசியாக, உள்ளே போன காற்றை வெளியேற்ற ஏர் எடுக்க வேண்டும் என்று அவன் சொல்லத் தொடங்கிய இடத்தில் இவனுக்குப் பொறுமை போய்விட்டது.

மறுநாளே மனைவி சொன்னாள். "ஏங்க, பிரேக் கொழகொழன்னு உள்ள போகுது. எனக்கு பயமா இருக்கு."

"உன் கால்ல பலமில்ல. நல்லா மிதிச்சு ஓட்டு."

அவள் நன்றாகத்தான் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. கட்டடத்து வாசலில் கேட்டைத் திறந்துவிட்டு நின்றிருந்த வாட்ச்மேன் பெரியவரைத் தள்ளி, காலின்மேல் ஏறி, சுவரில் இடித்துத்தான் நின்றது. கூட்டத்துக்கு நடுவே போலீஸ்காரர் இவன் பக்கம் திரும்பி, "வண்டில ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். இவன் வாய் தானாகவே பேசியது. "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. அவளுக்குத்தான் பதட்டம்."

அவள் அவனைப் பார்த்தாள். அப்போதிலிருந்து வீட்டில் தட்டு வைக்கிற சத்தம், குழாய் மூடுகிற சத்தம், அவ்வளவுதான்.

பெரியவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். போலீஸ்காரர்கள் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தவைத்திருந்தார்கள். நாளைக்குச் சோதனைக்கு ஆள் வருகிறார். அதற்குள் பெடல் கெட்டியாகிவிட வேண்டும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து, காற்றோடு எண்ணெயை வெளியே விட்டு மூட வேண்டும். அதன் பிறகே பெடலை விடலாம். வெளியாளை எப்படிக் கூப்பிடுவது? அவளையே கூப்பிட்டான். எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தாள். அதில்தான் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிற்பகல் வெயில் மேலே எங்கோ நின்றுவிட, கீழ்த்தளத்தில் புழுங்கிய சிமெண்ட் வாசனையும், பழைய டயர் வாசனையும், விட்டுவிட்டு முனகும் ஒரு குழல்விளக்கும்தான் இருந்தன. தூணுக்குத் தூண் நிழல் சாய்ந்து கிடந்தது. அவள் டிரைவர் இருக்கையில் ஏற, அவன் பின்சக்கரத்தருகே குந்தி, திருகில் மெல்லிய டியூபை மாட்டி, அதன் மறுமுனையை எண்ணெய் இருந்த பாட்டிலுக்குள் விட்டான்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

திருகைத் திறந்தான். டியூபில் குமிழிகள் ஓடின. மூடினான்.

"விடு."

பெடல் மேலேறும் சத்தம், ஒரு கிழட்டுக் கதவின் பெருமூச்சு மாதிரி. இரண்டு பின்சக்கரங்களும், இடது முன்சக்கரமும் முடிந்தன. ஒவ்வொரு "அழுத்து"க்கும் தனக்கெதிரான சாட்சியை அவளையே மிதித்து அழிக்க வைக்கிறோம் என்று தோன்றியது. தோன்றிய பிறகும் அடுத்த "அழுத்து" வந்தது.

கடைசிச் சக்கரம், டிரைவர் பக்கம். அவன் கைவைத்துக் கெடுத்தது. திருகு இறுகிப்போயிருந்தது. ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்ட வேண்டியிருந்தது. கீழ்த்தளம் முழுக்க அந்தச் சத்தம் அலைந்தது. அவள் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. அவன் நிமிரவில்லை. திறந்திருந்த கார்க் கதவு இருக்கையை மறைத்தது. அது நல்லதென்று பட்டது. முகம் பார்க்க வேண்டியதில்லை.

"அழுத்து."

பதில் வர நேரமானது.

"அழுத்திட்டேன்."

குரல் கம்மியிருந்தது. அழுதிருக்கிறாள்.

குமிழிகள் வந்தன. மூடினான். மூடிய பிறகும் வந்தன. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. தூங்குகிறவரின் மூச்சு மாதிரி, நிதானமாக. திருகை இறுக்கினான். குமிழிகளுக்கிடையே இடைவெளி நீண்டது. மேலும் நீண்டது. பிறகு குமிழிகள் நின்றுவிட்டன.

பாட்டிலில் எண்ணெய் அசையவில்லை.

அந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை. சக்கரத்தைப் பார்த்தபடியே பேசினான்.

"உன் மேல தப்பில்ல. காத்து உள்ள நின்னுடுச்சு. நான் பண்ணின வேலைதான். தெரிஞ்சேதான் போலீஸ்கிட்ட அப்படிச் சொன்னேன். அந்த மனுஷன் கால் நசுங்கிக் கெடந்தப்பகூட, நான் மாட்டிக்குவேனோன்னுதான் நெனச்சேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கை கிரீச்சிட்டது.

"தெரியும்."

அவனுக்குக் கண் கரித்தது. புறங்கையால் துடைத்தான். சொல்லிவிட்டோம். எதிரே, படிக்கட்டில், செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

அவன் மனைவி கடைசிப் படியில் நின்றாள். கையில் போன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசினாங்க," என்றாள். "பெரியவர் இப்பதான் போயிட்டாராம்."

"நீ... நீ எப்ப மேல போன?"

"நீங்க தட்டிட்டு இருந்தப்பவே. போன் அடிக்குது, இங்க சரியா கேக்காதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. பெடல் மேலேறும் சத்தம் இன்னும் வரவில்லை. யாரோ இன்னும் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

மனைவியின் பார்வை அவனைத் தாண்டிப் போனது. கண்ணாடி வழியாக. டிரைவர் இருக்கைக்கு. அவள் ஒரு படி மேலே ஏறினாள். பின்பக்கமாகவே. இன்னொரு படி.

ஓடலாம். ஓடாமல் கதவின் விளிம்பைப் பிடித்தான். எட்டிப் பார்த்தான்.

பெடலின்மேல் ஒரு வெறுங்கால். வீங்கி, கறுத்து, கணுக்காலிலிருந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. புறங்காலின் குறுக்கே டயரின் வரிகள், வரிசையாக. பாதி அவிழ்ந்த கட்டுத்துணி தரைவிரிப்பில் கிடந்தது. விரல்கள் மட்டும் பெடலைப் பத்திரமாகப் பற்றியிருந்தன, சொன்ன வேலையைப் பொறுப்பாகச் செய்கிறவரைப் போல.

"கெட்டியாயிடுச்சு, தம்பி," என்றது குரல். "விடட்டுமா?"