பின்னறையில் ஒரு சோப்பு

அன்று பகல் பதினொரு மணிக்கு மருந்துக்கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் அண்ணன், கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கும் தங்கை, முட்டிவலித் தைலம் வாங்க வந்த ரிட்டயர்டு வாத்தியார், பக்கத்துக் கட்டடத்துக்கு வேலைக்கு வந்து, வாசலில் நனைந்தபடி நின்ற ஒரு லிஃப்ட் மெக்கானிக். எல்லோருக்கும் மாஸ்க். மழையும் இருந்தது. காதல் கதை என்றால் இருக்கத்தானே வேண்டும்.

வாசலில் சானிடைசர் பாட்டில் நின்றது. கை நீட்டாதவர் உள்ளே வர முடியாது. சட்டம் தங்கை போட்டது.

"கையை நீட்டுங்க சார்."

"வேணாம்."

"ஏன், கொரோனா உங்களைப் பாத்தா வணக்கம் போட்டுட்டுப் போயிடுமா?"

"சோப்பு இருந்தா குடுங்க. கழுவிட்டு வர்றேன்."

"ஓஹோ… வெந்நீரும் துண்டும் எடுத்துட்டு வரட்டுமா?"

வாத்தியார் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்தவை இரண்டு கண்கள்தான்… அவற்றில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தான். வெள்ளைச் செதில்கள், நடுநடுவே வெடித்த சிவப்பு. சொரியாசிஸ்.

அதில் சானிடைசர் பட்டால் எப்படி எரியும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய ரப்பர் கையுறைக்குள்ளும் அதே விரல்கள்தான். ஏழு வருடம். முன்பெல்லாம் கையுறை எதற்கு என்று கேட்பார்கள். இப்போது ஊரே போட்டிருந்தது. கொரோனா அவளுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

"தம்பி, வெளியவே நில்லுங்க," என்றான் அண்ணன். "ஒட்டிக்கிற சமாச்சாரமா இருக்கப் போவுது."

ஒட்டாது என்று அவனுக்கும் அவளுக்கும் வாத்தியாருக்கும் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அவன் வாசலிலேயே மாத்திரையை வாங்கிக்கொண்டு மழையில் போனான்.

நாலாம் நாள் கடைக்குப் போன் வந்தது.

"சோப்பு கேட்டவன் பேசறேன்… எனக்கு வந்துடுச்சு. கொரோனா. காய்ச்சல் அடிக்குது. வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை இருக்குல்ல, இன்னிக்குப் போடணும். அது எதிர்ப்பு சக்தியை அடக்கும்ங்கறாங்க. போடலாமா? டாக்டர் போனை எடுக்கல."

"போடறதோ விடறதோ, நீங்களா எதுவும் முடிவு பண்ணாதீங்க. ஒரு மணி நேரம் பொறுங்க."

தன் டாக்டரைப் பிடித்துக் கேட்டுவிட்டு அழைத்தாள். "இந்த வாரம் வேணாமாம். காய்ச்சல் போனதும் கேட்டுட்டு ஆரம்பிக்கலாமாம். மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி."

"கை இன்னும் வெடிச்சா ஸ்பேனர் பிடிக்க முடியாதுங்க."

"வெடிக்கலாம். ஆறும். போன வருஷம் கொரோனா வந்துடுமோன்னு பயந்து, யாரையும் கேக்காம நான் மாத்திரையை நிறுத்தினேன். கொரோனா வரல. முதுகு முழுக்க இதுதான் வந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அப்போ… உங்களுக்கும்?"

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவளே அழைத்தாள். "மூச்சு எப்படி இருக்கு?" அதற்கடுத்த நாளும். அவன் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. வாசலில் அவள் ஊமையாக நின்றதைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்… திட்டியிருந்தால் இன்னும் தேவலாம்.

"கையுறையைக் கழட்டிடலாம்னு பாக்கறேன்," என்றாள் ஒருநாள் அண்ணனிடம்.

"கழட்டு. முதல்ல கடைக்கு ஆள் வராது. அப்புறம் உனக்கு மாப்பிள்ளை வரமாட்டான்."

மூன்று வாரம் கழித்து அவன் வந்தான். மெலிந்திருந்தான். கை முன்னைவிட மோசம். கடையில் வாத்தியாரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும்.

"தம்பி, அங்கயே நில்லு. வேணுங்கிறதைச் சொல்லு," என்றான் அண்ணன்.

தங்கை கையுறைகளைக் கழற்றி, கவுண்டர் மேல் வைத்தாள். வெறும் கைகளையும் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, ஏழு வருஷமா இந்தக் கையாலதான் உனக்குச் சாப்பாடு போடறேன். எங்க ஒட்டிச்சு, காட்டு."

குழந்தைக்காரி மருந்து வாங்காமல் வெளியேறினாள். அண்ணன் அவள் போவதைப் பார்த்தான். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கைகளை நிதானமாகப் பார்த்தார். "எனக்கு அதே தைலம்தான்மா," என்றார்.

அந்தக் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"மாத்திரையா?"

"அது எங்க தெருவுலயே கிடைக்குது."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பஸ் மாறி…?"

"சோப்பு கேட்டேன். இன்னும் தரல."

"சோப்புக்கா வந்தீங்க?"

"இல்ல… உங்களுக்காக. இதுக்கு மேல எனக்குப் பேச வராது."

"நான் அன்னிக்கு வாயைத் திறக்கல."

"நானும்தான் திறக்கல."

மழை இல்லை. வெயில் சாதாரணமாக அடித்தது. அவள் கவுண்டர் பலகையைத் தூக்கி வழிவிட்டாள்.

"வாங்க. பின்னால வாஷ்பேசின் இருக்கு. நான் கழுவற சோப்புதான், எரியாது. எனக்கும் உங்களத்தான் பிடிச்சிருக்கு. போதுமா?"

"ஏய், வெளியாளுக்கு உள்ள என்ன வேலை?" அண்ணன் கல்லாவை விட்டு எழுந்தான்.

மெக்கானிக் பின்னறைக்குள் நுழைந்தான். அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.