மகேசனுக்கு மட்டும் மறுத்த துப்பாக்கி

நோர்வேத் தலைநகரின் குறொன்லாண்டு வட்டாரத்தில் இரண்டு மரக்கறிக் கடைகளுக்கு நடுவே, ஒரு கதவளவே அகலமான தையல் கடை. அந்த வியாழக்கிழமை மகேசன் உள்ளே வந்தபோது, அங்கே வேலை செய்யும் புஷ்பராணிக்கு உள்ளூர மகிழ்ச்சி. காலை முதல் நாலு காற்சட்டைகளுக்கு நீளம் குறைத்துவிட்டாள். ஒருவரோடும் வாய் திறக்கவில்லை. கடைக்காரி யோசெப்பின் என்பவள் பின்மேசையில் ஒரு தையல் மெசினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மெசினோடுதான் பேசுவாள், அதுவும் மனதுக்குள். ஆனால் பொலிசிடம் சொல்லக் கூச்சப்படும் சிக்கல்களை இந்த நகரத்துத் தமிழர் அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

மகேசன் தொப்பியைக் கழற்றினார். ஐம்பத்தேழு வயது. மனைவி போய் மூன்று வருடம். நகர ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் ஆறாம் மாடியில் தனியாக இருக்கிறார்.

"தங்கச்சி, ஒரு பிஸ்டல் எனக்கு மட்டும் சுடமாட்டன் எண்டு நிக்குது."

புஷ்பராணியின் கத்தரிக்கோல் நின்றது. "ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்சை வரிசையிலை நிண்டு சுடுறியளோ அண்ணை?"

"கடுதாசி வட்டத்துக்குத்தான் பிள்ளை சுடுறது. மூச்சை அடக்கிக் குறி பாக்கேக்கை வேற ஒண்டும் ஞாபகம் வராது. அதோடை, புதன்கிழமையிலைதான் ஆரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது."

வெளியில் பனி பெய்கிறது என்பதைப் போல அதைச் சொன்னார். புஷ்பராணி அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

விஷயம் இதுதான். அடுக்குமாடிகளுக்கு அடியில், பழைய போர்க்காலப் பதுங்கறை ஒன்றில் அந்தச் சுடும் கழகம் இருந்தது. கழகத்துக்குச் சொந்தமான இரண்டு கைத்துப்பாக்கிகளில் ஆறு மாதம் பழகிவிட்டார். ஒன்று முழுக்க உருக்கு உடல். மற்றது பிளாஸ்டிக் உடல். சொந்தமாக வாங்க எந்த வகை வேண்டும் என்று சனிக்கிழமை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். தலைவி கரோலினா கையெழுத்து வைத்தால்தான் அனுமதி.

"உருக்கு பாரம். அந்தப் பாரத்திலை என்ரை கை நடுங்காது, உதைப்பும் குறைவு. பிளாஸ்டிக் இலேசு, கறள் துரு பிடிக்காது, ஆனால் கையிலை துள்ளும். எனக்கு உருக்குத்தான் சரி. மூண்டு கிழமையா அது எனக்குச் சிக்குது. மேல்பக்கம் பின்னாலை போனால் திரும்பி வராமல் பாதியிலை நிக்குது. எனக்குப் பிறகு ரிஷிகேசன் எண்டு ஒரு இந்தியாப் பெடியன் சுடுவான். அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை!"

"தலைவி பாக்கேல்லையோ?" யோசெப்பின் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"தன்ரை அறைக்குக் கொண்டுபோய்க் கழட்டிப் பாத்தவ. ஒண்டும் இல்லையாம். பிழை என்ரை கையிலையாம். பாதுகாப்பாய்ப் பிடிக்கத் தெரியாத ஆளுக்குக் கையெழுத்து வைக்கேலாதாம். கையெழுத்து இல்லாட்டி அங்கை எனக்கு இடமும் இல்லை."

"அவவின்ரை அறை சூடோ?"

"ஓம். துவக்கு வைக்கிற அறைதான் விறைப்பு. அங்கை ஹீற்றர் பழுதாகி ஒரு மாதம்."

யோசெப்பின் அவருடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள். வியர்வையில் ஈரமாக இருந்தன.

"உப்புக் கை," என்று சிரித்தார் மகேசன். "லொக்கர்ப் பூட்டையே கறளாக்கிப்போட்டன். அதாலைதான் கரோலினா பிளாஸ்டிக்கை எடு எண்டுறா. வடக்கிலை பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையிலை வெட்டேக்கையும் என்ரை கத்திதான் ஒரே கறள். பிறகு அந்தக் கறள் தன்பாட்டிலை நிண்டுட்டுது."

"இந்தத் துவக்கிலை?"

"ஒரு பொட்டுக் கறளும் இல்லை."

"துடைக்கிறது ஆர்?"

மகேசன் தொப்பியைத் திருப்பினார். "சிவானந்தன். பாட்ஸ்பியோர்ட்டிலை ஒரே அறையிலை இருந்தனாங்கள். இப்ப கதைக்கிறேல்லை. என்ரை மனிசியின்ரை செத்தவீட்டுக்கு வராத மனிசன்."

அவர் போனதும் புஷ்பராணி துள்ளினாள். "அக்கா, பிடிச்சிட்டன்! சிவானந்தனுக்குப் பகை. இல்லாட்டி அந்த ரிஷிகேசன் தனக்கு உருக்கு வேணுமெண்டு செய்யிறான்."

"சனிக்கிழமை வா," என்றாள் யோசெப்பின். மெசினின் உள்ளே எதையோ ஊசியால் சுரண்டி, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள்.

சனிக்கிழமை நண்பகல். பதுங்கறையின் இரும்புக் கதவுக்குள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் தொடாத தூரத்தில் நின்றார்கள். கரோலினா கையில் விண்ணப்பத் தாள். சுவரோரம் மெலிந்த, நரைத்த சிவானந்தன், சப்பாத்தைப் பார்த்தபடி. அவரும் மகேசனும் ஒரே நிறக் குளிர்ச்சட்டை போட்டிருந்ததைப் புஷ்பராணி கவனித்தாள். ரிஷிகேசனுக்கு மட்டும் வர நேரமாகியது.

"உருக்குத் துப்பாக்கியைக் குளிர் அறையிலிருந்து நேராக இங்கே கொண்டுவாருங்கள்," என்று நோர்வே மொழியில் கேட்டாள் யோசெப்பின். "உங்கள் அறை வழியாக வேண்டாம்."

கரோலினா குண்டுகளை எடுத்துவிட்ட துப்பாக்கியை மேசையில் வைத்து, மேல்பகுதியை இழுத்துவிட்டாள். அது முக்கி முனகி, பாதியில் நின்றது. கரோலினாவின் புருவம் உயர்ந்தது.

"நீங்கள் பார்த்தபோது சூட்டில் பார்த்தீர்கள். ரிஷிகேசன் சுடும்போது, இவர் சுட்டதில் அது ஏற்கெனவே சூடேறியிருக்கும். குளிரோடு தொடுகிறவர் முதலில் சுடுகிற மகேசன் மட்டுமே." யோசெப்பின் கொண்டை ஊசியால் மேல்பகுதி ஓடும் காடியைச் சுரண்டினாள். மெழுகுபோல் வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. அதைப் புஷ்பராணியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

திறந்தபோது அங்கே ஒரு துளி எண்ணெய். புஷ்பராணி முகர்ந்தாள். "ஐயோ அக்கா! தேங்காயெண்ணெய்!"

"குளிர் காலத்திலை எங்கடை சனம் கொண்டுவாற தையல் மெசின் பாதி இதாலைதான் இறுகுது."

அந்த நேரம் பார்த்துத்தான் ரிஷிகேசன் உள்ளே வந்தான். புஷ்பராணி பாய்ந்தாள். "நீர்தானே தேங்காயெண்ணெய் பூசினது?"

அவன் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். வழுக்கைத் தலை வழுவழுவென்று மின்னியது. "தேங்காய் எண்ணெயா? எனக்கு எதுக்குங்க? பிளாஸ்டிக்தான் எனக்கு செட் ஆகுது. நான் போன வாரமே எழுதிக் குடுத்துட்டேன்."

தமிழ் விளங்காத கரோலினாவே சிரித்துவிட்டாள். யோசெப்பின் சிரிக்கவில்லை.

"கெடுக்க நினைக்கிற ஆள் கறளைத் துடைக்கமாட்டார்," என்று தமிழிலேயே சொன்னாள். "ஆறு மாதம் உப்புக் கை பட்ட உருக்கிலை கறளே இல்லை. அண்ணை, கறள் தன்பாட்டிலை நிக்கிற சாமான் இல்லை. பாட்ஸ்பியோர்ட்டிலை உங்கடை கத்தியிலையும் அது தன்பாட்டிலை நிக்கேல்லை. அங்கையும் இஞ்சையும் உங்களோடை இருந்த ஆள் ஒராள்தான்."

எல்லாரும் சுவரோரம் திரும்பினார்கள். சிவானந்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே எண்ணெய் பாதி வெள்ளையாக உறைந்திருந்தது.

"கழகத்து எண்ணெய் உன்ரை கைக்குத் தாங்காது," என்றார், போத்தலைப் பார்த்தபடி. "கறள் கண்டால் கரோலினா உனக்கு உருக்குத் தரமாட்டா எண்டு நினைச்சன். கத்திக்கு இதுதானே சரி வந்தது."

"கத்திக்கு முன்னும் பின்னும் ஓடுற பக்கம் இல்லை, அண்ணை," என்றாள் யோசெப்பின் மெல்ல.

மகேசன் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பினார். "அப்ப ஏன் செத்தவீட்டுக்கு வரேல்லை?"

"வந்தனான். வாசல் மட்டும் வந்தனான். உன்ரை முகத்தைக் கண்டிட்டு உள்ளுக்கு வரப் பயமாக் கிடந்தது. பிறகு, வராத ஆள் எப்பிடி வந்து கதைக்கிறது எண்டு..."

யோசெப்பின் விளக்கியதைக் கேட்ட கரோலினா, விண்ணப்பத்தில் தன் கையெழுத்தைப் போட்டுத் தாளை மகேசன் பக்கம் தள்ளினாள். "வகையை நீங்கள் எழுதுங்கள். யோசித்துக்கொள்ளுங்கள், உங்கள் கைக்கு அந்த உருக்கு துருப்பிடிக்கும்."

மகேசன் பேனையை எடுத்தார். உருக்கு என்று எழுதினார்.

"பிடிக்கட்டும்," என்றார். பிறகு, தலையைத் திருப்பாமலே, தமிழில்: "டேய் சிவா, கடையிலை நல்ல துவக்கு எண்ணெயா ஒரு போத்தல் வாங்கு. புதன்கிழமை நேரத்துக்கு வா. நான் கோப்பி கொண்டுவாறன்."

திரும்பும் ரயிலில் யோசெப்பின் வழமைபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் புஷ்பராணியின் உள்ளங்கையில் இருந்தது. தன்னை முழுப் பெயர் சொல்லாமல் கூப்பிட இந்த நகரத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாள்.

"ராணி," என்றாள் யோசெப்பின், ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமல், "இறங்குற இடம் வந்திட்டுது."